நிரம்பிய ஏரியில் மூச்சுப் பஞ்சம்

ஓர் ஏரியில் ஒரு கெண்டை மீன் வாழ்ந்தது. அதன் செவுள் இழையின் நுனியில் உணரி என்றொரு சின்னஞ்சிறு உயிரணு குடியிருந்தாள். வாய் இழுக்கும் ஒவ்வொரு மிடறு நீரிலும் எவ்வளவு பிராணவாயு கரைந்திருக்கிறது என்று அறிந்து, மூளையின் அடியில் வீற்றிருந்த முகுளத்துக்கு நரம்பு வழியே சொல்வது அவள் வேலை. முகுளம் ஆணையிட்டால்தான் மூச்சும் இதயத் துடிப்பும் கூடும், குறையும்.

கோடையில் வற்றிக் கிடந்த ஏரி ஒரு பெருமழையில் கரை தொட நிரம்பியது. கூடவே காட்டுச் சருகெல்லாம் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு அழுகத் தொடங்கியது. அழுகும் சருகு நீரிலிருந்த பிராணவாயுவைத் தின்றது. கண்ணுக்கு அது தெரியவில்லை, உணரிக்குத் தெரிந்தது.

"ஐயா, பிராணவாயு குறையுது" என்றாள், பணிவாக.

முகுளம் பதில் சொல்வதற்குள் வாய் முந்திக்கொண்டு சிரித்தது. "ஏரி தளும்பி நிக்குது, உனக்குப் பஞ்சமா? கல்யாண வீட்டுலயும் மூக்கைச் சிந்துறவடி நீ!"

"தண்ணி இருக்கு, அண்ணே. அதுக்குள்ள காத்து இல்ல."

"வத்தின ஏரியிலேயே பிழைச்சோமேம்மா" என்றது முகுளம். "பொறு, பார்க்கலாம்."

உணரி மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். அதற்குள் மீனின் வால் துவண்டுவிட்டது. உடல் ஒருபக்கமாகச் சாய்ந்து சேற்றை நோக்கி இறங்கியது.

இனிப் பணிவு உதவாது என்று கண்டாள் உணரி. நரம்பைத் தூண்டுவதற்கென்று தன்னுள் சேர்த்து வைத்திருந்த சாறு முழுவதையும் நரம்பின்மேல் கொட்டினாள்.

முகுளம் துள்ளி விழித்தது. "வாயே, அகலத் திற! துடுப்புகளே, மேலே போங்க! இதயமே, மெதுவா அடி!"

"மெதுவாவா?" இதயத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வீடு பத்தி எரியுது, என்னை அன்னநடை நடக்கச் சொல்றீங்களா? நான் ஓடி உழைக்கிறவன்!"

"நீ ஓடுறதுதான் வினை, தம்பி" என்றாள் உணரி. "நீ விரட்டுற ரத்தம் செவுள்ல நிக்காமப் பறக்குது. நின்னாத்தானே இருக்கிற கொஞ்சநஞ்சத்தையாவது வாங்கிக்கிட்டுப் போகும்?"

இதயம் முணுமுணுத்துக்கொண்டே நிதானித்தது. துடுப்புகள் உந்த, மீன் தள்ளாடி மேலேறியது. காற்று தொடும் மேல்நீரில் வாய் அகலத் திறந்து ஒரு மிடறு இழுத்தது. உணரி காத்திருந்தாள். இன்னொரு மிடறு.

"வருது, ஐயா" என்றாள்.

வால் ஒருமுறை அசைந்தது. பிறகு வலுவாக அசைந்தது. மீன் நிமிர்ந்தது.

பயம் தெளிந்ததும் வாய்க்குப் பழைய துடுக்கு திரும்பியது. "இருந்தாலும் இப்படியா தொண்டை கிழியக் கத்துறது? பதமா, மெல்லமாச் சொல்லப் பழகிக்க, தங்கச்சி."

அடுத்த மிடறு நீரைச் சுவைத்துக்கொண்டே உணரி சொன்னாள்: "மெல்லமாச் சொன்னப்ப நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க, அண்ணே."