முதல் முடிச்சு போடாத ஆள்காட்டி

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேசத் தெரியும். கூடு கட்டத்தான் தானாகத் தெரியாது. படித்துத்தான் வர வேண்டும். ஏரிக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி வாத்தியார் அதற்கென்று ஒரு பள்ளி வைத்திருந்தார். இன்று நாம் ஆள்காட்டி என்று சொல்லும் பறவையும் அங்கே சேர்ந்தது. அப்போது அதன் பெயர் மஞ்சள்காலி. அந்தக் கோடையில்தான் அது முதல் தடவையாக முட்டையிட வேண்டும்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் போடும் முதல் முடிச்சை, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், தாழ்ந்த கிளையில் தொங்க விடுவார்கள். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். தையல்சிட்டின் முடிச்சு எலி கடித்துப் போட்டது போல இருந்தது. கொக்கு சிரித்தது. தையல்சிட்டும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டது.

மஞ்சள்காலிக்கு அப்படிச் சிரிக்க வராது. அதனால் முதலில் முடிச்சுக்கான புல் நாரைச் சரியாக எடுப்போம் என்று நினைத்தது. விடிந்ததிலிருந்து பச்சைப் புல்லை மெல்லிசாகக் கிழிக்கும். நீளம் பார்த்து, ஒன்று கூடக் குறையாமல் அடுக்கும். முடிச்சுப் போடலாம் என்று நிமிரும்போது வெயில் சாய்ந்திருக்கும். நாளைக்குத் தெளிவாக உட்கார்ந்து போடலாம் என்று வைத்துவிடும். மறுநாள் பார்த்தால் நார் காய்ந்து, வளைத்தால் ஒடியும். மறுபடி புல்லுக்குப் போகும். அந்தப் பள்ளியில் அதைப் போல உழைத்தவர் யாரும் இல்லை.

வாத்தியார் ஒருநாள் அந்த நாரை எடுத்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமாகத் தனக்கே கிழிக்க வராது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். மஞ்சள்காலிக்கு அதன்பின் பயம் இரட்டிப்பானது. இப்பேர்ப்பட்ட நாரில் எப்பேர்ப்பட்ட முடிச்சு போட வேண்டும்?

"என்னக்கா, நார்க்கடை எதுவும் வைக்கப் போறியா?" என்று கேட்டது தையல்சிட்டு. அதன் கூட்டில் அப்போது குஞ்சுகளே பொரித்திருந்தன.

முட்டையிடும் நாள் நெருங்கி மஞ்சள்காலியின் வயிறு கனத்துவிட்டது. வாத்தியார் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு முடிச்சு போடும்மா. அதைக் கிளையில தொங்க விட வேண்டாம். மேற்கொண்டு நான் கட்டித் தரேன்."

அது நாரை அலகில் எடுத்தது. வளைத்தது. பிறகு கீழே வைத்தது.

"இது கொஞ்சம் காஞ்சிருக்கு, ஐயா. ஈரமா ஒண்ணு கிழிச்சிட்டு வந்துடறேன்."

அப்படிச் சொல்லிப் பறந்ததுதான். வற்றிய ஏரியின் நடுவே வலி வந்துவிட்டது. கூழாங்கல் கிடந்த வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டது. அந்தக் காலத்தில் அவை பால் போல வெள்ளை. எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

தூரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். முட்டைகளை மறைக்க நல்ல மண்ணாகத் தேட மஞ்சள்காலிக்கு நேரமில்லை. பக்கத்துக் குட்டையில் கிடைத்த சேற்றில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளின் மேல் புரண்டது. திட்டுத் திட்டாக ஒட்டியது. பிறகு எதிர்ப்பக்கம் ஓடி, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியது. அடிபட்ட பறவை என்று ஆட்டுக்காரன் அதன் பின்னால் திரும்பினான். ஆடுகளும் அவனோடு திரும்பின.

அவர்கள் போன பிறகு, காணவில்லையே என்று தேடிக்கொண்டு வாத்தியார் வந்தார். முட்டையிட்டாயிற்று என்று மஞ்சள்காலி தலையைக் குனிந்தபடி சொன்னது.

"எங்கம்மா? ஒண்ணும் தெரியலையே."

"உங்க காலடியிலதான், ஐயா. பார்த்து நில்லுங்க."

வாத்தியார் குனிந்து வெகுநேரம் தேடினார். கல் எது, முட்டை எது என்று பிரிக்க அவரால் முடியவில்லை. நாரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குஞ்சு பொரிக்கும்வரை இந்தப் பக்கம் யாரும் நடக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்வதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வந்த பழக்கம்தான்: ஆள்காட்டி இன்றும் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது; ஆனால் ஆள் தலை தெரிந்துவிட்டால், கத்துவதற்கு அது ஒரு நொடியும் தாமதிப்பதில்லை.