எட்வினின் அரைவட்டம்

"அவன் திருடன், மாஸ்டர். ஞாயித்துக்கெழம நீங்க வந்து சாட்சி சொல்லணும்."

தணிகைவேல் கடை வாசலில் நின்றபடியே சொன்னான். ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை.

அவன் மாஸ்டர் என்று அழைத்தவளின் பெயர் பிலோமினா. அவளுக்கு இருபத்தாறு வயது, அவனுக்கு முப்பத்தொன்று. இந்த வயசுக்கு மேல் உனக்கு இதெல்லாம் வராது என்று எல்லோரும் சொன்ன ஆளுக்கு, நாலு வருடம் முன்பு தலையைத் தரையில் ஊன்றிச் சுழலக் கற்றுக்கொடுத்தவள் அவள். பிறகு கணுக்கால் உடைந்து பிரேக் டான்ஸ் ஆட்டத்தை விட்டாள். இப்போது வியாசர்பாடி மேம்பாலத்துக்குக் கீழே, ஆடுகிறவர்களின் ஷூவுக்கு அடி ஒட்டித் தருகிறாள்.

எந்த ஆட்டக் குழுவாக, இவர்கள் பாஷையில் எந்த க்ரூவாக இருந்தாலும் ஷூ பிய்ந்தால் அவளிடம்தான் வந்தாக வேண்டும். யாராவது குரு என்று கூப்பிட்டிருந்தால் பசை டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பாள். மாஸ்டர் என்பதை மட்டும் பொறுத்துக்கொண்டாள்.

"யாரு திருடன்?"

"இம்தியாஸ். ஏழாம் கேட் க்ரூ."

"இன்னா திருடுனான்?"

"எட்வினோட அரைவட்டத்த."

பிலோமினாவின் கை நின்றது. ஆனால் தலை நிமிரவில்லை.

எட்வின் தணிகைவேலின் உயிர் நண்பன். கூட்ஸ் யார்ட் க்ரூவை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒன்பது நாள் காய்ச்சல் வந்து, பத்தாம் நாள் அவன் இல்லை.

அரைவட்டம் அவன் கண்டுபிடித்த ஸ்டெப். ஒரு கையை ஊன்றிச் சுழன்று எழுந்ததும், ஒரு காலைப் பின்னால் நீட்டி, ஷூ முனையால் தரையில் மெதுவாக ஓர் அரைவட்டம் இழுப்பான். காது கிழிகிற பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு கால் மட்டும் அவசரமே இல்லாமல் போகும். பாட்டின் கடைசி அடியில் சட்டென்று நிற்கும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு விட மறந்துபோகும்.

இருந்தவரை அதை அவன் ஒருவன்தான் ஆடினான். செத்த பிறகு தணிகைவேல் அதைத் தானாகவே பழகி, க்ரூவில் மீதி இருந்த ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஏழாம் கேட் க்ரூவோடு ஃபைனல். கடைசிச் சுற்றில் ஏழு பேரும் ஒன்றாக அரைவட்டம் இழுத்து முடிப்பதாக ஏற்பாடு. அவர்களுக்கு அது ஸ்டெப் இல்லை, கல்லறையில் ஏற்றுகிற மெழுகுவர்த்தி.

அந்த நேரம் பார்த்து, போன வாரம் செமிஃபைனலில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து இம்தியாஸ் எல்லோர் முன்னாலும் அதே அரைவட்டத்தை ஆடிவிட்டான்.

"கையத் தூக்கப் போறேன், மாஸ்டர்," என்றான் தணிகைவேல்.

இவர்கள் உலகத்தில் அடுத்தவன் ஸ்டெப்பைத் திருடுவதைவிடக் கேவலம் கிடையாது. திருடியவனைக் கண்டால், ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு கைகளையும் நீட்டி, முதலை வாய் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றை அடித்து மூட வேண்டும். வெளியாள் ஒருவர் எழுந்து நின்று ஆமாம் என்றால் போதும். திருடியவனின் மொத்த க்ரூவும் களத்தை விட்டு இறங்க வேண்டும். பிறகு அந்தப் பெயரில் யாரும் ஆட முடியாது.

பிலோமினா எழுந்து நின்றால் எதிர்த்துப் பேச வடசென்னையில் ஆள் இல்லை.

"அது எட்வினோடதுதான்னு எப்டி சொல்ற?"

"கண்ணு இருக்கே, மாஸ்டர். அச்சு அசல். ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். நாங்க ரைட்டு கால இழுப்போம். அவன் லெஃப்ட்ட இழுக்குறான். அடையாளம் தெரியக் கூடாதுன்னு கால மாத்திட்டான், திருட்டுப் பய."

திருடுகிறவர்கள் அப்படிச் செய்வது உண்டு. வலதை இடது ஆக்கிவிட்டுத் தன்னுடையது என்பார்கள்.

"ஆடிக் காட்டு, ணா."

"இங்கயா?"

"இங்கதான்."

மாஸ்டர் சொல்லிவிட்டால் சொன்னதுதான். தணிகைவேல் பிளாட்பாரத்தில் கையை ஊன்றிச் சுழன்றான், எழுந்தான், வலது காலைப் பின்னால் நீட்டி அரைவட்டம் இழுத்து நின்றான். பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

"நல்லா கீது," என்றாள் பிலோமினா. "ஷூவக் கழட்டு."

கழற்றிக் கொடுத்தான். அவள் வலது ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். இழுத்து இழுத்து அதன் முனை தேய்ந்து வெளுத்திருந்தது. இடது ஷூவையும் பார்த்துவிட்டு இரண்டையும் கீழே வைத்தாள்.

"நீ மொதமொத எங்கிட்ட வந்தப்ப ஒன்ன எங்க நிக்க வச்சேன்?"

"உங்க முதுகுக்குப் பின்னாடி. நீங்க எந்தக் காலத் தூக்குறீங்களோ அந்தக் காலத் தூக்குன்னு சொன்னீங்க."

"எட்வின் அரைவட்டம் ஆடுறப்ப நீ எங்க நிப்ப?"

"எதுத்தாப்ல. நான்தான கேப்டன்? எதுத்தாப்ல நின்னாத்தான தப்பு தெரியும்? எத்தினி தபா பாத்திருக்கேன். அப்டியே மனசுல ஒட்டிக்கிச்சு."

"சரி."

அவள் உள்ளே போய், மேல் தட்டில் துணி போட்டு மூடியிருந்த ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

ஒன்றில் பச்சைக் கயிறு, ஒன்றில் வெள்ளைக் கயிறு. அப்படிக் கட்டுகிறவன் எட்வின் ஒருவன்தான்.

தணிகைவேல் அப்போதுதான் உட்கார்ந்தான். ஸ்டூலில் இல்லை, தரையில்.

"காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி குடுத்தான்," என்றாள். "ரைட்டு ஷூல அடி கழண்டு வந்துச்சு. புதுசா போட்டு வச்சேன். யாரும் வாங்க வரல."

அவன் அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். ஆண்பிள்ளை தெருவில் அழலாமா என்று யாரும் கேட்கவில்லை. பிலோமினா தன் வேலையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லெஃப்ட் முனை தேஞ்சு போயி ஓட்டையாவப் போவுது. இத ஒட்டலியா?"

"அத்தத் தொடாதன்னு சொல்லிட்டான்."

"ஏன்?"

"ஒங்க ரெண்டு பேர்க்கும் ஒரே சைஸ்தான?"

"ஆமா. மாத்தி மாத்திப் போட்டுப்போம்."

"அப்ப ஞாயித்துக்கெழம இதப் போட்டுனு ஆடு. மொதல்ல அரைவட்டம். அப்பறம் கையத் தூக்கு. நீ கையத் தூக்குனா நான் எழுந்து நிக்கிறேன்."

தணிகைவேலுக்கு வேறு என்ன வேண்டும்? ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். மாஸ்டர் ஆசீர்வாதம் செய்து அனுப்பிவிட்டாள் என்று க்ரூ முழுக்கச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவன் அதைக் காலில் மாட்டவில்லை. எட்வினின் படத்துக்குக் கீழே வைத்துப் பூப் போட்டான். ஷூவுக்குப் பூவா என்று அவன் அம்மா கேட்டாள். பிறகு அவளே ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. மாநகராட்சி மைதானத்தில் சிமெண்ட் போட்ட பாஸ்கெட்பால் திடல்தான் களம். சுற்றி நிற்கக்கூட இடம் இல்லை. முன்வரிசையில் உடைந்த காலை நீட்டியபடி பிலோமினா உட்கார்ந்திருந்தாள்.

களத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு தரப்பும் முகத்துக்கு முகம்தான் நிற்க வேண்டும். எதிராளியைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றால், தோற்றேன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அந்த மைதானத்தில் அதுவரை யாரும் அப்படி நின்றதில்லை.

கடைசிச் சுற்றில் முதலில் வந்தவன் இம்தியாஸ். இருபத்திரண்டு வயது, ஒல்லியான பையன். சுழன்று எழுந்து, இடது காலை நீட்டி, அரைவட்டம் இழுத்தான். கூட்டம் ஒரு வினாடி அடங்கிப் பிறகு கத்தியது.

"திருட்டுப் பய," என்றான் தணிகைவேலின் பின்னால் இருந்த ஒருவன். "தூக்குணா கைய."

"ஆடிட்டுத் தூக்குறேன்."

ஏழு பேரும் சேர்ந்து ஆடுவதற்கு முன்னால், தணிகைவேல் தனியாக இறங்கினான். ஒரு கயிறு பச்சை, ஒரு கயிறு வெள்ளை. அந்த ஷூவை அடையாளம் தெரிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இம்தியாஸும் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது.

பயந்துவிட்டான் என்று தணிகைவேல் நினைத்தான்.

கை ஊன்றினான். சுழன்றான். எழுந்தான். வலது காலைப் பின்னால் நீட்டி இழுத்தான்.

கால் வரவில்லை.

புது ரப்பர் சிமெண்டைப் பிடித்துக்கொண்டது. நாலு விரற்கடை தூரம்கூட நகரவில்லை. உடம்பு முன்னால் போக, கால் பின்னால் நிற்க, அவன் முழங்காலில் விழுந்தான்.

ஐந்தாயிரம் தடவை இழுத்த கால். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவமானத்தில் தலை குனிந்தவன் கண்ணில் பட்டது அந்த ஷூதான். வலது முனை புதுசு, ஒரு கீறல் இல்லை. அவன் இடது காலைப் பார்த்தான். முனை தேய்ந்து, ரப்பர் போய், உள்துணி தெரிந்தது. அதைத் தரையில் லேசாக வைத்துத் தள்ளிப் பார்த்தான். எண்ணெய் தடவியது போல் வழுக்கிக்கொண்டு போனது.

எட்வின் இழுத்தது இந்தக் காலை.

எதிரில் நின்று பார்த்தவனுக்கு அது வலது காலாகத் தெரிந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்துப் பழகியவன் மாதிரி ஏழு மாதம் தப்புக் காலில் ஆடி, ஆறு பேருக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

தலையைத் தூக்கினான். முழங்காலில் இருந்தவனுக்கு நேர் எதிரே இம்தியாஸின் ஷூ இருந்தது. இடது முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பும் தேய்ந்திருந்தது.

எதிரில் நின்று களவாடினவனுக்கு இடது கால் வராது. முதுகுக்குப் பின்னால் நின்றவனுக்குத்தான் வரும். ஒருவன் நிற்க வைத்தால்தான் இன்னொருவன் அங்கே நிற்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எட்வின் இரண்டு மணி வரை எங்கே இருப்பான் என்று அவன் கேட்டதே இல்லை. கேட்காமல் விட்டது அது ஒன்று மட்டும் இல்லை.

"அண்ணா, கையத் தூக்கு," என்று பின்னாலிருந்து ஆறு பேரும் கத்தினார்கள். "தூக்குணா."

தணிகைவேல் பிலோமினாவைப் பார்த்தான். அவள் எழுந்திருக்கத் தயாராகக் கையை நாற்காலியில் ஊன்றியிருந்தாள். அவன் தூக்கினால் அவள் நிற்பாள். சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை. நின்று ஆமாம், திருட்டுதான் என்பாள். யாரைப் பார்த்துச் சொல்வாள் என்பது இப்போது அவனுக்குத் தெரிந்தது.

அவன் எழுந்தான். முழங்காலில் ரத்தம்.

இம்தியாஸை நோக்கி நடந்தான். அடிக்க வருகிறான் என்று ஏழாம் கேட் பையன்கள் முன்னால் வந்தார்கள். இம்தியாஸ் அவர்களைக் கையால் தடுத்தான்.

தணிகைவேல் அவனுக்கு முன்னால் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு போய், அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றான்.

மைதானம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. கூட்ஸ் யார்ட் பையன் ஒருவன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். பிலோமினா நாற்காலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தபா மெதுவா போடு," என்றான் தணிகைவேல்.

இம்தியாஸ் திரும்பவில்லை. கற்றுக்கொடுக்கிறவன் திரும்பக் கூடாது.

"எட்வின் அண்ணன் ஒரு வருஷம் காத்துனு இருந்துச்சு, ணா," என்றான். "நீ கத்துக்குடுன்னு கேப்பன்னு."