ஒன்பதாவது தொட்டியில் புகை இல்லை

சந்தனசாமி ஒரு வாத்தியாரைத் தேடிப் போனபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. வாத்தியாருக்கு முப்பத்தெட்டு. வாத்தியாரின் பெயர் இன்பவல்லி. புதுச்சேரிக்கு வெளியே, பழைய எண்ணெய் ஆலைக் கொட்டகை ஒன்றில் பீர் காய்ச்சுகிறவள். நரைத்த தலையோடு ஒரு மனுஷன் பீர் காய்ச்சப் படிக்கப் போகிறான் என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் போய்விட்டார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை?" என்று இன்பவல்லி கேட்டாள்.

"ஒரே ஒரு பீர் கத்துக்கணும்மா. கறுப்பு லாகர். புகை மணக்கிறது."

"எங்க குடிச்சீங்க?"

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எண்பத்தாறில் ஜெர்மனியில் முகாம். கல்யாணமான நாலாம் மாசம் மனைவி விக்டோரின் அங்கே வந்து சேர்ந்தாள். லீவு கிடைத்து ஒரு சின்ன ஊருக்கு ரயிலில் போனார்கள். வெளியே கொட்டுகிற பனி. உள்ளே ஒரு மரமேசை, அதன்மேல் கறுப்பாக ஒரு கோப்பை. கையில் இருந்த காசுக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். விக்டோரின் மோந்து பார்த்துவிட்டு, "அய்யே, அடுப்படியக் கழுவி ஊத்தின தண்ணி" என்று தள்ளி வைத்தாள். இவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் முக்கால் கோப்பையைக் காலி பண்ணியிருந்தாள். மேலுதட்டில் நுரை. இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"மிச்சமிருந்த கால் கோப்பைதாம்மா நான் குடிச்சது" என்றார் சந்தனசாமி. "அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அதை இன்னொரு தடவை குடிச்சிட்டா அவ பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அந்த ஊர் பீரையே பாட்டில்ல வாங்கிக் குடிக்கலாமே?"

"மக கொண்டாந்து குடுத்தா. அது வேற பீரும்மா."

இன்பவல்லி ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து நீட்டினாள்.

அந்த பீரின் சூட்சுமம் பார்லியில் இருக்கிறது. முளைகட்டிய பார்லியை விறகுப் புகையில் வாட்டி, பிறகு காய்ச்ச வேண்டும். காய்ச்சியதைத் தொட்டியில் ஆறு வாரம் குளிரில் கிடத்த வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத சரக்கு. புகையறை வேலையை சந்தனசாமி தானே எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் உள்ளே போனால் மத்தியானம்தான் வெளியே வருவார். கண் இரண்டும் கோவைப்பழம்.

முதல் தொட்டி திறந்த அன்று ஒரு வாய் குடித்துவிட்டு, "புகை பத்தல" என்றார்.

இரண்டாவது தொட்டியிலும் பத்தவில்லை. புகைப் பார்லியைக் கூட்டினார். மூன்றாவதில் இன்னும் கூட்டினார். ஐந்தாவது வந்தபோது வாட்டுகிற நேரத்தையே இரட்டிப்பாக்கினார். ஒவ்வொரு தடவையும் இன்பவல்லி பக்கத்தில் நின்று ஒரு வாய் குடிப்பாள்.

"அப்படியாண்ணே?" என்பாள்.

"ஆமாம்மா. கிட்ட வருது, ஆனா வரல."

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். ஒரு கண்டக்டர் கேட்டேவிட்டார், "பெரியவரே, வீடு கீடு தீப்பிடிச்சிருச்சா?" என்ன கேள்வி இது என்று சந்தனசாமிக்கு எரிச்சல்தான் வந்தது. மனுஷனுக்கு அவ்வளவு துக்கம் இருந்தால் புகை எங்கே தெரியப் போகிறது என்று நாமும் சொல்லிக்கொள்ளலாம். காரணம் அதைவிடச் சின்னது.

ஒன்பதாவது தொட்டி குளிரில் கிடந்தபோது மகள் பாரிஸிலிருந்து விமான டிக்கெட் அனுப்பினாள். வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள், அங்கே தனியாக யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்றாள். அவரும் சரி என்றுவிட்டார். ஆக, இதுதான் கடைசித் தொட்டி.

திறந்தார்கள். சந்தனசாமி கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நல்ல கறுப்பு, விளிம்பில் மட்டும் செம்மை. குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதுலயும் இல்ல. துளிகூட இல்ல. வாத்தியாரம்மா, நான் என்ன தப்பு பண்றேன்? நீங்க எதையோ மறைக்கிறீங்க."

"பன்னெண்டு நாள் இந்தப் பக்கமே வராதீங்க" என்றாள் இன்பவல்லி. "இந்த ஏப்ரனும் வேணாம். பீடி, ஊதுவத்தி, ஒண்ணும் கிட்ட ஆகாது. கடற்கரையில போய் நடங்க."

"பதினாலாம் நாள் நான் பிளைட் ஏறணும்!"

"தெரியும்ணே."

"கேள்வி கேட்டா தொரத்துறீங்களே, இது நியாயமா?"

"போயிட்டு வாங்க."

கோபம் வந்தால் சிஷ்யன் என்ன செய்வான்? முணுமுணுத்துக்கொண்டே சொன்னதைச் செய்வான். பன்னிரண்டு நாளும் காலையில் கடற்கரை, மீதி நேரம் முத்தியால்பேட்டை வீட்டில் பெட்டி கட்டுகிற வேலை. கட்டுவதும் பிரிப்பதுமாகப் பொழுது போனது.

பதிமூன்றாம் நாள் காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். கதவைத் திறந்தால் இன்பவல்லி. அந்த வீட்டுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"கிளம்புங்கண்ணே."

செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார்.

கொட்டகையில் மேசைமேல் இரண்டு கோப்பைகள் ஊற்றி வைத்திருந்தாள். இரண்டும் ஒரே கறுப்பு.

"முதல்ல இடது பக்கம்."

சந்தனசாமி எடுத்தார். வாய்க்கு இன்னும் போகவில்லை, மூக்கருகே வந்ததுமே கை நின்றுவிட்டது. மெல்ல ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கி வந்தது.

"இதுதாம்மா" என்றார். "ஐயோ, இதேதான். எப்படி? இது எந்தத் தொட்டி?"

"உங்க ரெண்டாவது தொட்டி. ஒவ்வொரு தொட்டியிலயும் ஒரு பாட்டில் தேதி போட்டு எடுத்து வைக்கிறது எங்க தொழில் வழக்கம்."

"ரெண்டாவதா? புகை பத்தலன்னு கொட்டினேனே, அதுவா?"

"அதுதான். இப்போ வலது பக்கம் குடிங்க. அது ஒன்பதாவது."

ஒரு வாய்தான் குடித்தார். புரையேறி, இருமி, சட்டையெல்லாம் நனைந்தது. "சீச்சீ! சாம்பலக் கரைச்ச மாதிரி இருக்கு. இதை எவன் காய்ச்சினான்?"

அவருக்கே உறைத்தது. நாளெல்லாம் புகைக்குள் நின்றவன் மூக்குக்குப் புகை எப்படித் தெரியும்?

"இதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"இது போதும்ணேன்னு ரெண்டாவது தொட்டியப்போ சொன்னேன். 'நீங்களா அன்னிக்கு அவ பக்கத்துல உக்காந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும்?'னு கேட்டீங்க. அப்புறம் எனக்கு வாய் வரல."

சந்தனசாமி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஆசையாக இடது கோப்பையை எடுத்துப் பெரிதாக ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. இன்னொரு வாய் குடித்தார். கோப்பைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார்.

"காணோம்மா. இப்பத்தானே இருந்தது! அதுக்குள்ள போயிடுச்சே."

கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"வீட்டுலயும் இதே கதைதான்" என்றார் அவர். "அவ போன புதுசுல அவ வாசனை வீடெல்லாம் இருந்தது. தூக்கத்துல திரும்பிப் படுத்தா அவதான்னு நெனப்பேன். மூணு மாசம். அப்புறம் ஒரு நாள் இல்ல. தினம் அவ புடவைப் பெட்டியத் திறந்து வெச்சுக்கிட்டு மோந்து பார்க்கிறேன். வெறும் துணி. அதனாலதான் மக கூப்பிட்டதும் சரின்னுட்டேன். அவ முழுசாப் போயிட்டா, அந்த வீட்டுல எனக்கு இனி என்ன இருக்கு?"

"தாழம்பூவாண்ணே?"

சந்தனசாமி நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. மடிப்புக்கு மடிப்பு தாழம்பூ வைப்பா. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில நீங்க கதவத் திறந்தீங்களே" என்றாள் இன்பவல்லி. "தெருவுல நின்ன எனக்கே குப்புனு அடிச்சுதுண்ணே."