ஈட்டியாய் நின்ற ராணி

முன்னொரு காலத்தில், மலையும் மேகமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், வேங்கைபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவள் செங்கமலவல்லி ராணி. அவளுடைய ஆயுதசாலையில் முந்நூறு ஈட்டிகள். போருக்குப் போகிற ஈட்டி, பன்றி வேட்டைக்குப் போகிற ஈட்டி, ஊர்வலத்தில் மினுக்கிக்கொண்டு போகிற ஈட்டி. அத்தனையையும் பார்த்துக்கொண்டவள் மூக்காயி. வாரம் தவறாமல் அலகுக்கு எண்ணெய் பூசுவாள், காம்பைத் துடைப்பாள், பித்தளைப் பூணைப் புளி போட்டுத் தேய்ப்பாள்.

ஒருநாள் காலையில் கோரைப்பல்லன் என்ற மந்திரவாதி சபைக்குள் வந்தான்.

"ராணி, என்னைக் கட்டிக்கொள்!"

"முதலில் பல்லைத் தேய்த்துவிட்டு வா" என்றாள் ராணி. சபையே சிரித்தது.

அவனுக்கு வந்ததே கோபம்! கோலை மூன்று சுற்றுச் சுற்றினான். சிம்மாசனம் காலி!

"உங்கள் ராணி இப்போது ஈட்டி. ஆயுதசாலையில் முந்நூற்றொன்றாவதாக நிற்கிறாள். எல்லா ஈட்டியின் தோற்றத்தையும் மாற்றிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் மூன்று பேர் வரலாம், ஆளுக்கு ஓர் ஈட்டி. எடுத்தால் எடுத்ததுதான்! மூவரும் தவறினால் ராஜ்ஜியம் எனக்கு. கண்டுபிடித்துவிட்டால் என் மந்திரம் போச்சு."

முதலில் தளபதி போனார். "ராணி என்றால் ரத்தினம்தானே!" என்று கல் பதித்த ஈட்டியை எடுத்தார். "எடுத்தால் எடுத்ததுதான்!" என்றான் மந்திரவாதி. தளபதி சேவலாகிக் கொக்கரித்தார்.

அடுத்து மந்திரி போனார். "எங்கள் ராணி வீராங்கனை!" என்று தழும்பேறிய போர் ஈட்டியை எடுத்தார். "எடுத்தால் எடுத்ததுதான்!" மந்திரி ஆமையாகி ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக வர ஒருவருக்கும் துணிவில்லை. மூக்காயி வந்தாள்.

"உனக்குப் பயமில்லையா?" என்றான் மந்திரவாதி.

"இருக்கு ஐயா. அதுக்காக ராணியம்மாவை இப்படியே விட்டுட்டுப் போகவா? எடுக்காமல் துடைக்கலாமா?"

"துடை, துடை! எடுத்தால்தான் எடுத்தது."

மூக்காயி ஆமணக்கெண்ணெயும் துணியும் கொண்டுவந்தாள். முதல் ஈட்டியிலிருந்து வரிசையாகத் தொடங்கினாள். பழகின வேலை அல்லவா! துடைத்தாள், துடைத்தாள், உச்சிப் பொழுது தாண்டியும் துடைத்தாள்.

ஒரு வேட்டை ஈட்டி அவள் கை பட்டதும் நடுங்கியது. எடுக்கப் போனவள், பக்கத்தில் நின்ற பூவேலை ஈட்டியையும் தொட்டுப் பார்த்தாள். அதுவும் நடுங்கியது! மந்திரவாதி பல்லிளித்தான்.

மூக்காயி வேட்டை ஈட்டியை நகத்தால் தட்டினாள். கடகட! அலகு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. யார் தொட்டாலும் அது நடுங்கத்தான் செய்யும். பூவேலை ஈட்டியைத் தட்டினாள். டண்! கெட்டியாக இருந்தது. பிறகு ஏன் நடுங்குகிறது? அடிக்காம்பை மெதுவாகத் தேய்த்தாள். ஈட்டி இப்படி நெளிந்தது, அப்படி நெளிந்தது.

"மரத்துக்கு ஏது கூச்சம்?" என்று சொல்லி, எடுத்தேவிட்டாள்!

"போதும் மூக்காயி, உள்ளங்காலைத் தேய்க்காதே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள் ராணி. மந்திரக்கோல் முருங்கைக் குச்சியாய் முறிந்தது. கோரைப்பல்லன் வெறும் ஆளாகி ஓட்டம் பிடித்தான். சேவல் தளபதியானது, ஆமை மந்திரியானது.

"என்ன வேண்டும், கேள்" என்றாள் ராணி.

"ஆயுதசாலைக் கூரை ஒழுகுதம்மா. ஈரம் பட்டால் ஈட்டி துருப்பிடிக்கும்."

"கூரை போடுவது என் வேலை. உனக்கு என்ன வேண்டும்?"

மூக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். "இத்தனை வருஷமாத் துடைச்சுத் துடைச்சு மத்தவங்க கையில கொடுத்தேன். ஒரே ஒருதரம் ஊர்வலத்துல நானே ஒண்ணைத் தூக்கிட்டு நடக்கணும்."

அந்த மாதமே திருவிழா வந்தது. யானைக்கும் முன்னால், மேளத்துக்கும் முன்னால், வெள்ளி ஈட்டியை நிமிர்த்திப் பிடித்து மூக்காயி நடந்தாள். ஊரே பூத்தூவியது. அன்று நடந்தவள் ஒவ்வொரு வருஷமும் நடந்தாள். அவள் மகிழ்ந்ததுபோல் கதை கேட்ட நீங்களும் மகிழ்ந்திருங்கள்!