பாதியில் திரும்பும் சர்க்கரை

“மேடம், நாளையிலேர்ந்து நான் வரல.”

சொன்னவர் சிவசைலம். ஐம்பதைத் தாண்டியவர். விருப்ப ஓய்வு பெற்று, தன்னைவிடப் பத்து வயது இளைய பேராசிரியை நூர்ஜஹானிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். மனைவி இறந்தபின் வீட்டில் இருக்க முடியாமல் ஓடி வந்தார் என்பதுதான் உண்மை. ஆய்வு என்பதெல்லாம் ஊருக்குச் சொன்னது.

“என்ன ஆச்சு சார்?”

“நான் ஆராயற இந்த நொதியால ஒரு பிரயோசனமும் இல்ல. பாஸ்பேட் ஒட்டின குளுக்கோஸை எடுத்து, ஒண்ணும் சேர்க்காம, ஒண்ணும் கழிக்காம, உள்ளுக்குள்ளயே இடம் மாத்தி ஃப்ரக்டோஸா ஆக்குது.”

“நல்ல வேலைதானே?”

“அதையாவது உருப்படியா செய்யுதா? கொஞ்சத்தை மாத்துது. அப்புறம் மாத்தினதையே பழையபடி குளுக்கோஸாக்குது. அங்கயும் இங்கயுமா அல்லாடிட்டே கெடக்கு. என்னை மாதிரி.”

கடைசியில் சொன்னதை அவர் சொல்ல நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“சோதனைக் குழாயில அதுகூட வேற யார் இருக்கா?”

“யாரும் இல்ல.”

அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மாதக்கணக்கில் மெனக்கெட்டு, மற்ற நொதிகளை எல்லாம் விரட்டிவிட்டு, அதை ஒண்டியாகப் பிரித்தெடுத்தவர் அவர்தான்.

நூர்ஜஹான் குளிர்பெட்டியிலிருந்து இன்னொரு நொதியை எடுத்தார். உடம்பின் செல்லுக்குள் அந்த ஃப்ரக்டோஸை வாங்கி, திரும்பவிடாமல் வேறொன்றாக மாற்றக் காத்திருப்பது அது. அதற்கு வேண்டிய ஆற்றலைத் தரும் ஏடிபியோடு ஒரு துளியைக் குழாயில் விட்டார்.

“இப்ப பாருங்க.”

சிவசைலம் சோதித்தார். தேங்கிக் கிடந்த குளுக்கோஸ் குறைந்திருந்தது. நம்பாமல் மறுபடி சோதித்தார். இன்னும் குறைந்திருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்கு வாங்கிக்க ஒரு ஆள் இருக்கு. எனக்கு யார் இருக்கா மேடம்? வீட்டுக்குப் போனா சுவர்தான் இருக்கு.”

நூர்ஜஹான் கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு நடந்தார். சிவசைலமும் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

“இன்னிக்கு என்ன சமைச்சீங்க?”

“வத்தக்குழம்பு. இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் வைக்கறேன். கை பழகிப்போச்சு.”

“மிச்சம்?”

“திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிடுவேன்.”

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நூர்ஜஹான் ஒரு தட்டை எடுத்து அவர் முன் நீட்டினார். சிவசைலம் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். பேராசிரியை பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

“நாளைக்கு உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க,” என்றார்.