பேனாவுக்குக் கதவு திறந்த மூலைப்பொட்டு

அந்தக் காலத்தில் கணினித் திரையில் இருந்த புள்ளிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. வரிசை வரிசையாகச் சதுர வீடுகள். வீட்டுக்கு ஒரு புள்ளி. ஒரு வீட்டுக்கு ஒரே நிறம்தான் என்பது அங்கே சட்டம். எல்லாரும் வெள்ளையாக, வம்பு பேசிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

கோடு போடுவது பேனாவின் வேலை. ஒரு வீட்டு அகலத்துக்கு உடம்பு, உள்ளே முழுக்கக் கறுப்பு மை. அவன் ரொம்ப மரியாதைக்காரன். அதுதான் வினையாகிப் போயிற்று. கூப்பிடாத வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவர்மேலேயே நடப்பான். உடம்பு அகலமாயிற்றே! பாதி மை இந்த வீட்டில் வழியும், பாதி அந்த வீட்டில். பாதி மை விழுந்த வீடு பாதிக் கறுப்பாக இருக்கச் சட்டம் இடம் கொடுக்காது, முழுக்கச் சாம்பலாகிவிடும். ஒரு கோடு கேட்டவர்களுக்கு இரண்டு வீட்டு அகலத்தில் அழுக்குத் தீற்றல்தான் கிடைக்கும்.

"யோவ், கண்ணு தெரியலையா?" என்று வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள்.

"உங்க வாசப்படியைக்கூட நான் மிதிக்கலையே!" என்பான் அவன், பாவம்.

திரையின் விளிம்பைச் சுற்றிக் கரை போடச் சொன்ன அன்றைக்குத்தான் உயிருக்கே ஆபத்து வந்தது. கடைசிச் சுவருக்கு அப்பால் வீடே கிடையாது, வெறும் இருட்டு. அதன்மேல் நடக்க நடக்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி உடம்பிலிருந்து மை இருட்டில் கொட்டிக்கொண்டே போயிற்று. ஒரு பக்கம் முடிவதற்குள் ஆள் துவண்டுவிட்டான். இன்னும் மூன்று பக்கம் பாக்கி.

மூலை வீட்டில் இருந்தவள் பெயர் மூலைப்பொட்டு. யாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் தள்ளாடி வருவதைக் கண்டதும் கதவைத் திறந்தாள்.

"அண்ணே, சுவரைவிட்டு இறங்குங்க. பாதி வீடு உள்ளே வந்து என் வீட்டு நடுவுல நடங்க."

"வேணாம் தாயி. உன் வெள்ளையெல்லாம் போயிடும்."

"நீங்க சுவர்மேல நடந்தாலும் நான் சாம்பலாத்தான் ஆவேன். அதுக்கு நல்லாக் கறுத்துட்டே போறேன், வாங்கண்ணே!"

"பைத்தியக்காரி" என்று பக்கத்து வீட்டார் முணுமுணுத்தார்கள். பேனா இறங்கினான். ஒரு சொட்டு மை வெளியே போகவில்லை. மூலைப்பொட்டு பளிச்சென்று கறுத்தாள். அவளுக்கு உள்பக்கம் இருந்த வீட்டில் ஒரு தீற்றல்கூட இல்லை. அதைப் பார்த்ததும் ஓர வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்தார்கள். மிச்சமிருந்த மையே, சாம்பலாகிப்போன முதல் பக்கத்தையும் சேர்த்து, நாலு பக்கத்துக்கும் போதுமானதாக இருந்தது. கரை கத்தியால் நறுக்கியது போல் நின்றது.

பேனா அழுதுவிட்டான்.

"நான் பிழைச்சது உன்னாலதான் தங்கச்சி. இனிமே எந்தக் கரையையும் உன் வீட்டு நடுவுலதான் தொடங்குவேன்" என்றான்.

நிரல் எழுதித் திரையில் கரை போடுகிறவர்கள் மூலையிலிருந்து பாதிப் புள்ளி அளவு உள்ளே தள்ளித் தொடங்குவது அன்று முதல்தான். நீங்களும் அப்படித் தொடங்கி, கோடு மங்காமல் நின்றால், அந்த மூலையைப் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். முதலில் கறுத்தவள் அவள்தான்.