புலி இல்லாத சட்டை

பாவோ ஷெங் தைத்தால் நூல் போன தடம் தெரியாது. சீன தேசத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே ஆளுநர் மாளிகைக்கு இருபது வருஷமாக அங்கி தைத்துக்கொடுத்தவன் அவன். பெரிய மனிதர்கள் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தையலைத் தேடுவார்கள். அகப்படாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம். இருக்காதா பின்னே?

நாற்பத்திரண்டாவது வயதில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முன்னால் பிறந்த மூன்றும் நூறு நாள் தாண்டவில்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நூறாம் நாள், வீட்டிலேயே தைத்த புதுச் சட்டையைக் குழந்தைக்குப் போட்டு, பாலத்தின் மேல் தூக்கிக்கொண்டு அக்கரைக் கோயிலுக்குப் போகவேண்டும். பாலம் கடக்கும்போது குழந்தை அழுதால் அது அந்த வீட்டில் தங்காது என்பார்கள். அவன் மனைவி சூ யுன் இதையே நினைத்து நினைத்துப் பாதி உடம்பாகிவிட்டாள்.

சரி, சட்டை தைக்கவேண்டும். ஆளுநருக்குத் தைத்தவனுக்குக் கைக்குழந்தைக்குத் தைத்துப் பழக்கமில்லை. வெட்கத்தை விட்டு ரூ அம்மாளிடம் போனான். ரூ அம்மாள் ஐந்து பிள்ளை பெற்றவள். அடுப்படியில் உட்கார்ந்தபடியே ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைப்பவள். அவனைவிடப் பத்து வயது இளையவள். வித்தைக்கு வயசு ஏது? காலில் விழுந்து, "குருவே" என்றான்.

"எழுந்திருங்க ஐயா, அடுப்புச் சாம்பல் ஒட்டிக்கும்" என்றாள் அவள்.

அளவு சொல்லிக்கொடுத்தாள். கழுத்துப்பட்டி வேண்டாம், பித்தான் வேண்டாம், நாடா போதும் என்றாள். "மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று கிளம்பிவிட்டான் பாவோ ஷெங்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். சிவப்புப் பட்டு எடுத்தான். நெஞ்சில் பெரிய புலி ஒன்றைப் பொன் நூலால் போட்டான். அதற்கு மட்டும் பன்னிரண்டு நாள். மீசை மயிர்கூட எண்ணலாம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். தொண்ணூற்றொன்பதாம் நாள் காலையில் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தான்.

அலறிவிட்டது குழந்தை. கழற்றினால் அடங்கியது. மறுபடி போட்டால் மறுபடி அலறல். சூ யுன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குப் பாலத்துல இப்படி அழுதா நான் உயிரோட இருக்கமாட்டேன்" என்றாள்.

பாவோ ஷெங் சட்டையைத் தூக்கிக்கொண்டு ரூ அம்மாள் வீட்டுக்கு ஓடினான்.

"அம்மா, இதுல ஒரு குறை காட்டுங்க பார்ப்போம்! குழந்தை ஏன் அழறா?"

ரூ அம்மாள் சட்டையை வாங்கினாள். புலியைப் பார்க்கவில்லை. சட்டையை இரண்டாக மடித்து, உள்பக்கம் படும்படி அவன் முதுகுக்கும் அவன் சட்டைக்கும் நடுவில் செருகினாள். ஒரு கூடை பட்டாணியை எதிரில் வைத்தாள்.

"உரிங்க" என்றாள்.

"நாளைக்கு விசேஷம், இப்போ பட்டாணியா?"

"உரிங்க."

உரித்தான். கால் கூடை ஆவதற்குள் தோளைக் குலுக்கினான். அரைக் கூடையில் தூணில் முதுகைத் தேய்த்தான். முக்கால் கூடையில், "ஐயோ, போதும்!" என்று அதை உருவி எறிந்தான். அப்புறம் அவனே குனிந்து எடுத்தான். உள்பக்கத்தை முதல் தடவையாக விரலால் தடவிப் பார்த்தான். வெளியே தெரியக்கூடாது என்று அவன் உள்ளே தள்ளிய மடிப்புகள், முடிச்சுகள், வெட்டிய நூல் முனைகள், எல்லாம் முள்ளு முள்ளாக நின்றன.

"இவ்வளவுதானா!" என்று துள்ளினான். "உள்ளதை வெளிய திருப்பிப் போட்டா தீர்ந்தது!"

ரூ அம்மாள் பட்டாணித் தோலைப் பொறுக்கினாள்.  அவன் வீட்டுக்குப் பறந்தான்.

சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பிக் குழந்தைக்குப் போட்டு நாடாவைக் கட்டினான். குழந்தை அழவில்லை! கையைக் காலை உதைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தது. "பார்த்தியா!" என்று திரும்பினால், சூ யுன் முகத்தில் ரத்தம் இல்லை.

"கழட்டுங்க. முதல்ல அதைக் கழட்டுங்க!"

அப்போதுதான் கவனித்தான். உயிரோடு இருப்பவர்களுக்குச் சட்டையின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து மடியவேண்டும். திருப்பிப் போட்டதில் அது இடம் மாறிவிட்டது. வலப்பக்கம் மேலே வந்து, நாடா முடிச்சு இடப்பக்கம் நின்றது. அப்படி உடுத்துவது பிணத்துக்கு மட்டும்தான். இருபது வருஷம் அங்கி தைத்தவன் கண்ணுக்கு இது தப்பியிருக்கிறது. அவசரம் என்றால் கண்ணும் அவிந்துபோகும் போல.

நாடாவை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினான். திரும்ப ரூ அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றபோது அவன் குரலில் கோபம் இருந்தது.

"தெரிஞ்சுதானே பேசாம இருந்தீங்க?"

ரூ அம்மாள் ஒரு சின்னக் கத்தியை அவன் கையில் வைத்தாள். தையல் பிரிக்கிற கத்தி.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இதே துணிதான், இதே வெட்டுதான். பட்டு பளபளக்கிற பக்கம் வெளியவே இருக்கட்டும். மடிப்பும் முடிச்சும்கூட வெளிய வரட்டும்."

"ஊர் சிரிக்கும் அம்மா."

"சிரிக்கட்டும்."

"புலி?"

"புலிக்குப் பின்னால எத்தனை முடிச்சு?"

அவன் மனசுக்குள் எண்ணினான். "முந்நூறு இருக்கும்."

"எல்லாம் எங்க படுது?"

பாவோ ஷெங் கையோடு கொண்டுவந்த சட்டையைப் பிரித்தான். அங்கேயே உட்கார்ந்தான். முதலில் மீசையைப் பிரித்தான். பிறகு காது. பன்னிரண்டு நாள் வேலை பொழுது சாய்வதற்குள் ஒரு பிடிப் பொன் நூலாகத் தரையில் கிடந்தது. கண்ணீர் வந்தது; துடைத்துக்கொண்டான். துணியை வெந்நீரில் அலசி உலர்த்தினான். விடிந்ததும் தைக்க உட்கார்ந்தான். ஒவ்வொரு மடிப்பையும் வெளியே திருப்பி, தைத்த இடத்தை உள்பக்கமிருந்து தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, உறுத்தினால் பிரித்து மறுபடி தைத்தான்.

நடுப்பகலில் பாலத்தடியில் ஊரே கூடிவிட்டது. முரசு, தாளம், பட்டாசு, எதற்கும் குறைவில்லை. ஆளுநர் வீட்டுக் காரியஸ்தர்கூட வந்திருந்தார். சட்டையைப் பார்த்ததும் சிரிப்பு கிளம்பியது. மடிப்பெல்லாம் வெளியே துருத்தி நிற்கிறது. நெஞ்சில் புலி இருந்த இடத்தில் வெறும் ஊசித் துளைகள்.

"அடடே, எந்த மடையன் தைச்சது இது?" என்று காரியஸ்தர் கத்தினார்.

பாவோ ஷெங் குழந்தையை உயரத் தூக்கிக்கொண்டான்.

"நான்தான்! பாவோ ஷெங் தைச்சது! நல்லாப் பாருங்க, என் தையல் தெரியலைன்னு இனிமே யாரும் சொல்லக்கூடாது!"

பாலத்தில் கால் வைத்தான். சூ யுன் அவன் அங்கி நுனியைப் பற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். பத்து அடி. இருபது அடி. பக்கத்தில் பட்டாசு வெடித்தது. குழந்தை ஒருமுறை திடுக்கிட்டு, அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பாதிப் பாலம். முக்கால் பாலம். சிரித்தவர்கள் சிரிப்பை மறந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அக்கரை மண்ணில் அவன் கால் பட்டதும் சூ யுன் "கடந்துட்டா! என் பொண்ணு கடந்துட்டா!" என்று வாய்விட்டு அழுதாள். இக்கரையிலிருந்து முரசுச் சத்தம் வானத்தைப் பிளந்தது. காரியஸ்தர் தொப்பியைக் கழற்றி வீசினார்.

ரூ அம்மாள் கோயில் வாசலில் நின்றிருந்தாள். பாவோ ஷெங் அவளிடம் ஓடினான். 

"குருவே, ஒரு வார்த்தை சொல்லுங்க! நான் தேறிட்டேனா? என் தையல் எப்படி இருக்கு?"

ரூ அம்மாள் விரலை உதட்டில் வைத்தாள்.

"கத்தாதீங்க ஐயா. குழந்தை தூங்கறா."